வெறும் அலகோடு எழும் பறவை



ஒரு கடற்பறவை இரை தேடுவதை நீங்கள் எப்போதாவது அரை மணிநேரம் அமர்ந்திருந்து பார்த்ததுண்டா? கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவராயின், "நாள்தோறும் பார்க்கிறோமே" என்று பதில் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பார்ப்பதற்கும் ஊன்றிப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை எனக்குக் காட்டியவை திருகோணமலையின் பாறைக் கரையும், அங்கு வாழும் ஒரு தாய் கேட்ட கேள்வியும்.

அது 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். அந்த மாதத்தை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள். அந்த மாதத்தின் பிற்பகுதியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தது. மின்சார அடுப்பில் சமைப்போருக்கு அது செய்தித்தாளில் வந்த ஒரு செய்தி. இயந்திரம் பூட்டிய சிறு படகை நம்பி வாழும் குடும்பத்திற்கோ அது எரியும் அடுப்பில் ஊற்றப்பட்ட தண்ணீர். கிழக்குக் கடலில் அதுவே தொழிலுக்கு உகந்த பருவம். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகு மணலில் கிடப்பதை மீனவர் பொறுத்துக்கொள்வர். கடல் குளம்போல் அமைதியாகக் கிடக்க, படகு மட்டும் மணலில் வெயில் காய்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அந்த நாட்களில் ஒரு மாலை, கரையோரக் குடியிருப்பு ஒன்றில் அன்பியக் கூட்டம் நடைபெற்றது. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை வாசிக்கச் செய்தேன். வானில் பறக்கும் பறவைகள் விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை, களஞ்சியம் கட்டுவதுமில்லை. ஆயினும் விண்ணகத் தந்தை அவற்றுக்கு உணவளிக்கிறார் என்று இயேசு கூறும் பகுதி அது. வாசிப்பு முடிந்ததும் பத்து நிமிடம் விளக்கமளித்தேன். கவலைப்படாதீர்கள், பறவைகளைக் காப்பவர் உங்களையும் காப்பார் என்று முடித்தேன். சற்றுநேரம் அமைதி நிலவியது. பின்வரிசையில் கைக்குழந்தையோடு அமர்ந்திருந்த ஒரு தாய், கோபமின்றி, மெதுவாகச் சொன்னார்: "பறவைக்கு மண்ணெண்ணெய் தேவையில்லையே, சுவாமி."

எவரும் சிரிக்கவில்லை. நானோ, விசுவாசம் வேண்டும் என்பதுபோல் ஏதோ சொல்லி, இறுதிச் செபத்தைத் தொடங்கிவிட்டேன். குருமடத்தில் பல ஆண்டுகள் திருவிவிலியம் கற்ற எனக்கு, அந்த ஒற்றை வரிக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு என் விளக்கம் எனக்கே செரிக்கவில்லை.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் பாறைக் கரைக்குச் சென்றேன். திருகோணமலையின் அந்தக் கரையை அறியாதவர்களுக்காக ஒரு சொல். மன்னாரிலும் புத்தளத்திலும் போல் இங்கே நிலம் மெல்லச் சரிந்து கடலோடு கலப்பதில்லை. கோணேசர் ஆலயம் அமைந்திருக்கும் மலை 300 அடிக்கும் மேலான செங்குத்துச் சுவராகக் கடலினுள் இறங்குகிறது. அதன் அடிவாரத்திலும் அக்கம்பக்கத்துக் கரைகளிலும் பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அலை அவற்றின் இடுக்குகளில் புகுந்து முழங்கி வெளியேறும். கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே கடலடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால், ஆழ்கடல் உயிர்கள் இங்கே கரைக்கு அண்மையில் வருகின்றன. நீலத் திமிங்கிலத்தைக் காணப் பலர் இவ்வூருக்கு வருவதும் இதனாலேயே.

ஒரு தாழ்ந்த பாறையில் அமர்ந்தேன். எனக்கு முன்னே ஏறக்குறைய இருபது ஆலாக்கள் பறந்துகொண்டிருந்தன. கடற்காகத்தைவிட மெலிந்த உடல், கூர்மையான நீண்ட சிறகு, பிளவுபட்ட வால், இளமஞ்சள் அலகு, தலையின் பின்புறம் குலைந்து நிற்கும் கரிய கொண்டை. இவை பெரிய கொண்டை ஆலாக்கள். சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கும் அதிக அகலம். உடலின் எடையோ அரைக் கிலோவுக்கும் குறைவு. அலகு நேராக நீரை நோக்கியிருக்க, அவை காற்றை எதிர்த்து மெல்லப் பறக்கும். ஏதேனும் தென்பட்டால் சிறகடித்தவாறே ஓரிடத்தில் நிற்கும். பின் சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு கல் விழுவதுபோல் விழும். நீர் சிதறும். அடுத்த கணம் பறவை மேலே எழுந்து, உடலை உதறி நீரைத் தெறிக்கச் செய்யும்.

ஒரு பறவையைத் தேர்ந்து, அதை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தேன். முதல் பாய்ச்சல்: அலகில் ஒன்றுமில்லை. இரண்டாவது: ஒன்றுமில்லை. மூன்றாவதில் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. நான்காவதில் ஒரு சிறு மீன். பதினொரு தடவை அது நீரை நோக்கிப் பாய்ந்ததை எண்ணினேன். மூன்று தடவையே மீனோடு எழுந்தது. எட்டுத் தடவை வெறும் அலகு. அந்த எட்டின் பின்னரும் அது பாறைக்கு வந்து குந்தவில்லை. உடலை உதறியது, மீண்டும் காற்றில் ஏறியது.

அன்பர்களே, அந்தப் பறவையின் தொழில் எளிதானதன்று. நீரினுள் ஒளி முறிவதால் மீன் தோன்றும் இடம் ஒன்று, அது இருக்கும் இடம் வேறொன்று; அந்த வேறுபாட்டைப் பறவை பழக்கத்தால் கற்றுக்கொள்ள வேண்டும். குடிப்பதற்கு நன்னீர் இல்லாத கடலில் அது உப்பு நீரையே குடிக்கிறது. கண்களுக்கு மேலே அமைந்துள்ள சிறப்புச் சுரப்பிகள் இரத்தத்தில் மிகும் உப்பைப் பிரித்தெடுக்க, அந்த உப்பு நீர் மூக்குத் துளை வழியாகச் சொட்டி வெளியேறுகிறது. உடலின் அமைப்பே உழைப்புக்கென ஆயத்தமாக்கப்பட்டிருக்கிறது.

சுற்றிலும் பார்த்தேன். ஒரு செம்பருந்து, கரையில் எறியப்பட்ட மீன் கழிவை நீர்மட்டத்திலிருந்து காலால் கவ்விச் சென்றது. தலையை நனைக்கும் வேலையே அதற்கு இல்லை. உயரத்தில் வட்டமிட்ட வெண்வயிற்றுக் கடற்கழுகு நெடுநேரம் எதற்கும் இறங்கவில்லை. பாறையிடுக்கில் கருஞ்சாம்பல் நிறக் கொக்கு ஒன்று அலை வடியும் ஒவ்வொரு முறையும் இரண்டடி முன்னே சென்று, அலை ஏறும்போது இரண்டடி பின்வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில், ஒரு பொறுமை. சோம்பியிருந்த பறவை ஒன்றையேனும் நான் அன்று காணவில்லை.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். பறவைகளைப் பற்றி இயேசு பேசும்போது மத்தேயு கையாளும் கிரேக்கச் சொல், மேலோட்டமாகப் பார்ப்பதைக் குறிப்பதன்று. கண்ணை ஊன்றி நோக்குவதைக் குறிப்பது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் காகங்களைப் பற்றிக் கூறும் இடத்தில் அதைவிட ஆழமான சொல் வருகிறது: சிந்தித்து விளங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. யாரிடம் இவ்வாறு சொன்னார்? பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் ஆகியோரும் அருகில் இருந்திருப்பர். அவர்கள் மீனவர்கள். இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாத விடியற்காலைகளை அறிந்தவர்கள். பறவைக்கு உணவு வானத்திலிருந்து வாயில் விழுகிறது என்று எவரேனும் சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவர்கள் அவர்களே. பறவைகள் உழைப்பதில்லை என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. அவை களஞ்சியம் கட்டுவதில்லை என்றே சொன்னார். நாளைய மீனை இன்று சேமித்து வைக்க ஆலாவால் முடியாது. நேற்றைய வெறும் பாய்ச்சல்களையும் அது இன்று சுமந்துகொண்டு பறப்பதில்லை.

இவ்வளவு சிந்தித்ததும், அந்தத் தாய்க்கு விடை கிடைத்துவிட்டது, 'மனந்தளராமல் உழையுங்கள்' என்று சொல்லிவிடலாம் என எண்ணினேன். நல்ல வேளையாக உடனே எழுந்து போகவில்லை. ஏனெனில் அது அரை விடையே. உழைக்க மறுத்தவர்களிடமா நான் பேசினேன்? உழைப்பதற்கு வழியற்றவர்களிடம் அல்லவா பேசினேன்?

அச்சமயம் கரையோரம் வலை பொத்திக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் என் அருகில் வந்தார். பறவைகளைப் பார்க்கிறேன் என்றதும், கடலில் சற்றுத் தொலைவைக் கையால் காட்டினார். அங்கே ஆலாக்கள் கூட்டமாகத் திரண்டு, ஒன்று மாற்றி ஒன்று விழுந்துகொண்டிருந்தன. நீர்மட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தது. "குருவி விழுற இடத்தில சூரை நிக்கும், சுவாமி. அது கீழேயிருந்து கலைக்க, சின்ன மீன் மேல வரும்" என்றார்.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது, அந்த முதியவர் ஒரு வரியில் சொன்னதையே பறவையியலாளர் பக்கங்கணக்கில் எழுதியிருப்பதைக் கண்டேன். ஆலாவால் ஆழமாக மூழ்க முடியாது. நீரின் மேற்பரப்பை ஒட்டிய ஒரு மீற்றர் அளவே அதன் எல்லை. அதற்குக் கீழே ஆயிரம் மீன் இருந்தாலும் அவற்றை அதனால் எட்ட முடியாது. சூரை போன்ற பெருமீன்கள் அடியிலிருந்து விரட்டும்போது, நெத்தலியும் சூடையும் உயிர் தப்ப மேலே எழுகின்றன. அப்போதுதான் ஆலாவுக்கு உணவு எட்டும் தூரத்திற்கு வருகிறது. பறவை இருப்பதைச் சூரை அறியாது; சூரைக்கு நன்றி சொல்லப் பறவைக்குத் தெரியாது. ஆயினும் ஒன்றின் உழைப்பு மற்றொன்றின் உணவுக்கு வழி திறக்கிறது. விழும் பறவையைக் கண்டு தொலைவிலுள்ள மற்றப் பறவைகளும் வந்து சேர்கின்றன. அந்தக் கூட்டத்தைக் கண்டு மீனவன் தன் படகைத் திருப்புகிறான். முன்னொரு காலத்தில் எலியா இறைவாக்கினருக்குக் காகங்கள் உணவு கொண்டுவந்ததாகப் பழைய ஏற்பாடு கூறுகிறது. நம் கடலில் அது இன்றும் வேறொரு விதத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். கொண்டை ஆலாக் குஞ்சு பறக்கக் கற்றுக்கொண்டதும் அதன் பெற்றோர் அதைக் கைவிடுவதில்லை. பாய்ந்து மீன் பிடிக்கும் கலை சில நாட்களில் கைகூடுவதன்று. ஆகவே, நன்றாகப் பறக்கும் பிள்ளைக்கும் பெற்றோர் நான்கு மாதங்கள் வரை மீன் கொண்டுவந்து ஊட்டுவதுண்டு. அன்று அந்தப் பாறையிலும் அப்படியொரு இளம் பறவை அமர்ந்து இடைவிடாது கத்திக்கொண்டிருந்தது. என் கண் பின்தொடர்ந்த அந்தப் பறவை, மூன்றாவது மீனைத் தான் விழுங்கவில்லை. எட்டு வெறும் பாய்ச்சல்களுக்குப் பின் கிடைத்த அந்த மீனை அந்த இளம் பறவையின் வாயில் வைத்துவிட்டு மீண்டும் கடலுக்குச் சென்றது.

விண்ணகத் தந்தை பறவைகளுக்கு உணவளிக்கிறார் என்பது உண்மை. அந்த உணவு எவ்வழியாக வருகிறது என்பதைத்தான் நான் அதுவரை ஊன்றி நோக்கவில்லை. அது சூரையின் துரத்தல் வழியாக வருகிறது. கூட்டத்தின் அடையாளம் வழியாக வருகிறது. தாய் தந்தையின் அலகு வழியாக வருகிறது. ஒரு பறவை தனித்து நின்று தன் விசுவாசத்தால் மட்டும் வயிறு நிரப்புவதில்லை. அப்படியிருக்க, அன்றைய கூட்டத்தில் நான் செய்த தவறு எது? தந்தையின் கையைப் பற்றிப் பேசினேன். அந்தக் கையின் விரல்களாக இருக்க வேண்டியவர்கள் நாமே என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: எல்லாக் குஞ்சுகளும் பிழைப்பதில்லை. மீன் குறைந்த பருவங்களில் கடற்பறவைகள் தம் குஞ்சுகளை இழக்கின்றன. இயேசுவும் இதை அறிந்திருந்தார். நிலத்தில் விழும் சிட்டுக்குருவியைப் பற்றியும் அவரே பேசினார். குருவி விழாது என்று அவர் வாக்களிக்கவில்லை. அது விழும்போதும் தந்தையின் பார்வைக்கு அப்பால் விழுவதில்லை என்றார். ஆகவே பசித்திருப்பவரைப் பார்த்து, 'உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் கிடைக்கவில்லை' என்று சொல்லும் உரிமை நமக்கு, சிறப்பாக என் போன்ற குருக்களுக்கு இல்லை.

அத்துடன், தந்தை விரித்த பந்தியை மனிதக் கை குலைப்பதும் உண்டு. சட்டம் தடுத்தும் வெடி வைத்து மீன் பிடிப்போர் குஞ்சும் முட்டையுமாக எல்லாவற்றையும் அழித்துவிடுகின்றனர். 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றி, பின்னர் மூழ்கியபோது, ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கலந்தன. மேற்குக் கரையின் மணலில் அவை வெண்பனிபோல் குவிந்து கிடந்ததைப் படங்களில் பார்த்தோம். கடற்பறவைகள் பல, மிதக்கும் பிளாஸ்ரிக்கை இரையென நினைத்து விழுங்குவதுண்டு. வயிறு நிறைந்திருக்கும், உடலில் உணவு இராது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், படைப்பு அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தது என்பதையும், பூமியின் துயரும் ஏழைகளின் துயரும் வேறு வேறல்ல என்பதையும் வலியுறுத்தினார். ஆலாவின் உணவும் மீனவனின் உணவும் ஒரே நீரில்தான் இருக்கின்றன.

அந்த வார இறுதியில் மீண்டும் அதே குடியிருப்புக்குச் சென்றேன். இம்முறை விளக்கமளிக்கப் போகவில்லை. அந்தத் தாயிடம், "அன்று நீங்கள் சொன்னது சரிதான், நான்தான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன்" என்றேன். அவர் கூச்சத்துடன் சிரித்தார். பின்பு அனைவரும் முற்றத்தில் அமர்ந்து பேசினோம். யாரிடம் எத்தனை லீற்றர் இருக்கிறது, எந்தப் படகின் இயந்திரம் குறைவாக எண்ணெய் குடிக்கும் என்று பேச்சுச் சென்றது. முடிவில் ஆறு குடும்பங்கள் தம்மிடமிருந்த மண்ணெண்ணெயை ஒன்றாக ஊற்றி, ஒரே படகைக் கடலுக்கு அனுப்பத் தீர்மானித்தன. ஆலாக்கள் விழும் இடத்தைப் பார்த்து நேரே செல்வது, வீணாய் அலைந்து எண்ணெய் எரிப்பதில்லை, கிடைப்பதை ஆறாகப் பிரிப்பது என்று பேசிக்கொண்டனர். வசதியுள்ள சில குடும்பங்கள் ஞாயிறு திருப்பலியின் பின் தம்மால் இயன்றதைக் கொடுத்தன.

எல்லா நாளும் மீன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. வெறும் படகோடு திரும்பிய நாட்களும் இருந்தன. அத்தகைய நாளில் ஆறு வீடுகளும் ஒன்றாகக் குறைத்து உண்டன. மறுநாள் மீண்டும் படகு இறங்கியது.

ஒரு காலை, பங்குமனை வாசலில் அந்தத் தாய் ஒரு சிறு பனையோலைப் பெட்டியுடன் நின்றார். உள்ளே நான்கு சூடை மீன்கள். வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. "ஏழாகப் பிரிச்சனாங்கள், சுவாமி. இது உங்கட பங்கு."

திருச்சபையின் ஒரு பகுதியை நாம் பங்கு என்று அழைக்கிறோம். பகிர்ந்தளிக்கும் ஒரு கூறையும் பங்கு என்றே அழைக்கிறோம். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் உச்சரித்த அந்தச் சொல்லின் இரண்டாவது பொருளை அன்று ஓலைப் பெட்டியோடு கையில் வாங்கினேன்.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் நின்று சீடர்களுக்குக் காலையுணவு ஆயத்தம் செய்கிறார். அவர்கள் கரையேறும் முன்பே அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் மீனும் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. ஒன்றும் குறைவில்லை. ஆயினும் அவர், அவர்கள் அப்போது பிடித்த மீன்களில் சிலவற்றையும் கொண்டுவரும்படி கேட்கிறார். தம் பந்தியில் அவர்களுடைய மீனும் இருக்க வேண்டுமென்று விரும்புகிறார்.

வாசகர்களே, அடுத்தமுறை கடற்கரைக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பறவையைத் தேர்ந்து, அதன் பாய்ச்சல்களை அவர்களோடு சேர்ந்து எண்ணுங்கள். வெறும் அலகோடு எழும் தடவைகளையும் விடாமல் எண்ணுங்கள். வீடு திரும்பும் வழியில், உங்கள் அயலில் இன்று அடுப்பு எரியாத வீடு எது என்று அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது தெரிந்திருக்கும்.